முழு டிகிரி செய்த மோசம்

கடல்மட்டம் அளக்க நான் கட்டிவைத்து, ஐந்து வாரமாக வெறும் இரைச்சலைக் காட்டிக்கொண்டிருந்த ஜிபிஎஸ் ரிசீவர், நேற்று ஒரே நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் என்று கடலை வரைந்து கொடுத்துவிட்டது. சர்வே ஆஃப் இந்தியாவின் ஏற்றவற்ற அட்டவணை நேரங்களோடு வைத்துப் பார்த்தேன். பொருந்துகிறது!

இடம் தூத்துக்குடி, மாமாவின் ஐஸ் கம்பெனி மாடி. ஆண்டெனா நீர்மட்டத்துக்கு மேலே சுமார் 6 மீட்டர். வானம் பார்க்கப் படுக்கவைக்காமல், கடலைப் பார்க்க நிமிர்த்திக் கட்டியிருக்கிறேன். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் சிக்னல்தானே நமக்கு வேண்டும். செயற்கைக்கோளிலிருந்து நேராக வருவதோடு அது கலக்கும்போது சிக்னல் பலம் அலையலையாக ஏறி இறங்கும்; எவ்வளவு நெருக்கமாக ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு கீழே என்று கணக்கிடலாம்.

தப்பு எங்கே என்றால், உயரக் கோணத்தில், அதாவது செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி மேலே என்பதில். ரிசீவர் எழுதித்தரும் என்எம்இஏ வரிகளில் அது முழு டிகிரியாகத்தான் வருகிறது: 11, 12, 13. ஜிபிஎஸ்ஸின் எல்1 அலைவரிசையில் அலைநீளம் 19 செ.மீ. இந்த உயரத்தில் சிக்னல் பலம் ஒருமுறை ஏறி இறங்குவது கிட்டத்தட்ட ஒரு டிகிரிக்குள் முடிந்துவிடும். ஒரு முழு அலையையும் ஒரே எண்ணுக்குள் திணித்துவிட்டு, லாம்ப்-ஸ்கார்கிளில் (அலை எவ்வளவு நெருக்கமாக ஏறி இறங்குகிறது என்று கண்டுபிடிக்கும் கணக்கு) உச்சி எங்கே எங்கே என்று தேடியிருக்கிறேன்! கேபிளை மாற்றினேன், ஆண்டெனாவை மாற்றினேன், கணக்கில் எடுக்கும் 5 முதல் 20 டிகிரி வரம்பையும் மாற்றிப் பார்த்தேன். கோணத்தை மட்டும் சந்தேகிக்கவே இல்லை.

இப்போது செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதைக் கோப்பிலிருந்து நொடிக்கு நொடி கோணத்தை நானே கணக்கிடுகிறேன். சிக்னல் பலமும் முழு எண்தான், ஆனால் நொடிக்கு ஒரு அளவு கிடைப்பதால் சமாளித்துவிடலாம். இந்த முறையின் முன்னோடி ஆய்வாளர் கிறிஸ்டீன் லார்சன் இதற்கென்றே இலவசமாகத் தரும் பைதான் தொகுப்பை முதலிலேயே எடுத்திருக்கலாம். நானே எழுதுவேன் என்று வீம்பு.

அளக்கும்போதே நீர்மட்டம் நகர்வதற்கான திருத்தம் இன்னும் போடவில்லை. இங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இல்லை, கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். ஏற்றவற்றம் பல மீட்டர் இருக்கும் காம்பே வளைகுடாவில் செய்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆன்லைனில் வாங்கிய முதல் ஜிபிஎஸ் மாட்யூல் போலி. பணம் போனது போனதுதான். இரண்டாவது சென்னை ரிச்சி தெருவில், கையில் வாங்கிச் சோதித்த பிறகே காசு கொடுத்தேன். உப்புக் காற்றுக்கு இணைப்பிகளில் சுய-ஒட்டு ரப்பர் டேப் கட்டாயம். சாதாரண இன்சுலேஷன் டேப் பத்தே நாளில் பல்லிளித்தது.

அடுத்து இரட்டை அலைவரிசை ரிசீவர் வாங்கி, காற்றின் ஈரப்பதம் சிக்னலை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்று பார்க்க ஆசை. அதற்கு முன்னால் ஒரு தலைவலி. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான். என் ஆண்டெனா பார்ப்பது தண்ணீரை அல்ல, படகுகளின் முதுகை. தெற்குப் பக்கம் ஒரு சின்ன இடைவெளி இருக்கும் என்கிறார் மாமா.