நத்தை செத்தபோதே யோசித்திருக்க வேண்டும்

மார்ச் கடைசியில் முதல் நத்தை செத்தது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி மேய்கிற டர்போ நத்தை, காலையில் பார்த்தால் மணலில் மல்லாந்து கிடந்தது. வயசாகியிருக்கும் என்று எடுத்துக் குப்பையில் போட்டேன். அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் மூன்று போயின. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்: டேங்க்கில் பாசி குறைந்துவிட்டது, பட்டினி.

எங்கள் மரைன் டேங்க், அதாவது கடல்நீர் மீன் தொட்டி, மூன்றடி. கீழே இருக்கிற சம்ப் என்கிற வடிகட்டும் தொட்டியையும் சேர்த்தால் 200 லிட்டர். வில்லிவாக்கம் ஃப்ளாட்டின் ஹாலில், டிவி இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. வாங்கியது என் கணவர். ஆறே மாதத்தில் அவருக்கு ஆசை தீர்ந்துவிட்டது. ஐந்து வருடமாக வளர்ப்பது நான். இரண்டு க்ளவுன் மீன், ஒரு கிளீனர் இறால், மற்றபடி எல்லாம் சாஃப்ட் கோரல், மென் பவளம். கல் பவளம் எதுவும் கிடையாது. அவையெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, யார் எந்த விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். என் பெருமையெல்லாம் ஒரு லெதர் கோரல்தான். கட்டைவிரல் அளவுத் துண்டாக வந்தது, குடை மாதிரி விரிந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளர்ந்திருந்தது.

ஏப்ரலில் அது சுருங்கியது. லெதர் அவ்வப்போது இப்படி மூடிக்கொள்ளும். மேலே மெழுகு பூசினாற்போல ஒரு தோல் படியும், சில நாளில் அதை உரித்துப் போட்டுவிட்டு மறுபடி விரியும். அதனால் ஒரு வாரம் நான் கண்டுகொள்ளவில்லை. பதினைந்து நாள் ஆயிற்று, தோலும் உரியவில்லை, பூவிதழ் மாதிரி நீட்டுகிற பாலிப்பும் வெளியே வரவில்லை. பக்கத்தில் ஜோவா என்கிற இன்னொரு பவளக் கூட்டம் மொட்டாகவே நின்றது. நாள் முழுக்கக் கையை விரித்து விரித்து மூடுகிற சீனியா ஒரே வாரத்தில் உருகிக் கொழகொழவென்று ஆகிவிட்டது. மீன்கள் மட்டும் எதுவும் நடக்காத மாதிரி என் கையைப் பார்த்து ஓடிவந்தன.

வெயில்தான் என்று முடிவு கட்டினேன். தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லர் கிடையாது, இரண்டு கிளிப் ஃபேன்தான். கத்திரியில் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டது. லீவு போட்டு ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டேன். ஆனால் சூடு தாங்காத பவளம் பெரும்பாலும் வெளுக்கும், தனக்குள் குடியிருக்கிற பாசியை வெளியே தள்ளிவிடும். இது வெளுக்கவே இல்லை. பழுப்பு நிறம் மாறாமல் சூம்பிக்கொண்டே போனது.

அப்புறம் உப்பைச் சந்தேகப்பட்டேன். உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரை இத்தனை நாளும் ஆர்ஓ தண்ணீரை விட்டுத்தான் சரி செய்துகொண்டிருந்தேன். உப்பின் அளவு தெரிந்த 35 பிபிடி கரைசல் வாங்கி வந்து வைத்துப் பார்த்தால், நான் 1.025 என்று நம்பியிருந்தது உண்மையில் 1.023. மெல்ல ஏற்றினேன். ஒன்றும் மாறவில்லை. கேஹெச் என்கிற காரத்தன்மை 8, நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.05. டெஸ்ட் கிட்டைப் பார்த்தால் டேங்க்குக்கு ஒரு குறையும் இல்லை.

கொளத்தூர் மீன் கடைத் தம்பி, "லெதரும் சீனியாவும் ஒண்ணு மேல ஒண்ணு விஷம் கக்கும்க்கா, கார்பன் போட்டுப் பாருங்க" என்றார். அது உண்மைதான், இடத்துக்காக இவை ரசாயனச் சண்டை போடும். தண்ணீரை வடிகட்டுகிற கரிதான் கார்பன். அதைப் போட்டதும் லெதர் லேசாக நிமிர்ந்தது. நாலே நாள்தான், மறுபடி படுத்துவிட்டது. அந்த நாலு நாளை நம்பி ஒரு மாதம் கார்பனுக்கே காசைக் கொட்டினேன். ஜூனில் இறாலும் போனது. தோல் உரிக்கும்போது சிக்கியிருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையின் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். டேங்க்கில் ஆவியானதை ஈடுகட்ட ஊற்றுகிற டாப் அப் தண்ணீரை நான் ஆர்ஓ மெஷினிலிருந்து பக்கெட்டில் பிடித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அத்தை அவரிடம், "இப்பல்லாம் செப்புக்குடம் எடுக்கிறதே இல்லடி. மெஷின்லயே காப்பர் வெச்சாச்சு. புளி போட்டுத் தேய்க்கிற வேலை மிச்சம்" என்றார்.

"எப்ப வெச்சீங்க அத்தை?"

"சர்வீஸ் பையன் வந்தானே, மாசி மாசம். நீ பேங்க்ல இருந்தே."

மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி வந்தால் தனித் தொட்டியில் வைத்துக் கொடுக்கிற மருந்தே செம்புதான். மீன் தாங்கும், நத்தை, இறால், பவளம் தாங்காது. மீன் நன்றாக இருந்து மற்றதெல்லாம் வரிசையாகச் சாகிறது என்றால் உலோகத்தை நினைக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நினைக்கவில்லை.

அத்தை மேல் தப்பே இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை உலக சுகாதார நிறுவனமே சரி என்கிறது. தப்பு என்னுடையது. முன்பெல்லாம் ஆர்ஓவுக்கு அடுத்து, மிச்சமிருக்கிற உப்பையும் உலோகத்தையும் பிடிக்கிற டிஐ ரெசின் வைத்திருந்தேன், அது இருந்திருந்தால் செம்பைப் பிடித்திருக்கும். எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்புகளின் அளவு, ஆயிரத்துக்கு மேல். ரெசின் சீக்கிரமே தீர்ந்துபோகிறது என்று கழற்றிப் போட்டுவிட்டேன். ஆர்ஓ தண்ணீருக்கு டிடிஎஸ் பேனா 35 காட்டியது, சாஃப்ட் கோரலுக்கு இது போதும் என்று இருந்தேன். காப்பர் வைத்த பிறகும் அதே 35 தான். இவ்வளவு சின்ன அளவெல்லாம் அந்தப் பேனாவுக்குத் தெரியாது.

காப்பர் டெஸ்ட் கிட் வாங்கி வந்து மெஷின் குழாய்த் தண்ணீரைச் சோதித்தேன். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே நிறம் காட்டியது. 0.1 என்றே வைத்துக் கணக்குப் போட்டேன். ஃபேன் காற்றுக்குத் தினம் மூன்று லிட்டர் ஆவியாகும், அதே மூன்று லிட்டரை நான் ஊற்றுவேன். தண்ணீர் ஆவியாகும், செம்பு போகாது. நாலு மாதத்தில் 36 மில்லிகிராம். 200 லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்கு 0.18, கிட்டத்தட்ட மீன்களுக்குக் கொடுக்கிற மருந்தின் அளவு. அத்தனையும் தண்ணீரிலேயே நிற்காது, பாறையும் மணலும் கொஞ்சம் உறிஞ்சியிருக்கும், கார்பனும் கொஞ்சம் பிடித்திருக்கும். கடைத் தம்பியின் வைத்தியம் நாலு நாள் பலித்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். வெயிலுக்குப் பயந்து ஃபேனை அதிகம் ஓட்டினேன், ஆவியானதும் அதிகம், ஊற்றியதும் அதிகம். காப்பாற்றுகிறேன் என்று நானே ஊட்டியிருக்கிறேன்.

பால்கனியில் டேங்க்குக்கென்று தனியாக ஒரு ஆர்ஓ-டிஐ போட்டாயிற்று, டிடிஎஸ் 0. மூன்று நாளுக்கு ஒருமுறை 20 லிட்டர் மாற்றுகிறேன். உலோகம் பிடிக்கிற பாலி ஃபில்டரைச் சம்ப்பில் வைத்தேன். இரண்டாம் நாளே ஓரத்தில் நீலம் பூத்தது, செம்பைப் பிடித்த அடையாளம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. பாறைக்குள் போனது இனிமேல் மெல்லக் கசியும், அதனால் ஃபில்டரை எடுக்கப்போவதில்லை.

சீனியா போனது போனதுதான். ஜோவாவில் பாதி மிச்சம். லெதர் ஆகஸ்ட் நடுவில் ஒரு பெரிய தோலை உரித்தது, ஓரத்தில் மட்டும் பாலிப் எட்டிப்பார்க்கிறது. நடுவில் ஒரு பக்கம் அழுகியிருந்ததை வெட்டி எடுத்துவிட்டேன்.

போன வாரம் கொளத்தூரில் இரண்டு நத்தை மட்டும் வாங்கி வந்தேன். இன்றோடு ஒன்பது நாள். காலையில் எழுந்ததும் பல் கூடத் தேய்க்காமல் போய் அவற்றைத்தான் தேடுகிறேன். ஒன்று கண்ணாடியில், ஒன்று பம்ப்புக்குப் பின்னால். அத்தையும் வந்து எட்டிப்பார்த்து, "ரெண்டும் இருக்கா?" என்று கேட்கிறார்.