எத்தனை பேரில்?

2004 டிசம்பரில் நான் பயிற்சி மருத்துவர். சுனாமி அடித்த மூன்றாம் நாள் எங்களை வேனில் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு கல்யாண மண்டப முகாம். மணமேடைக்குப் பக்கத்தில் மேசை, இரண்டு அட்டைப்பெட்டி மாத்திரை, ஒரு கோடு போட்ட நோட்டு. வெளியே கால் வைத்த இடமெல்லாம் பிளீச்சிங் பவுடர். சாலையோரம் யார் யாரோ அனுப்பிய பழைய துணி குவிந்து கிடந்தது, சீண்ட ஆளில்லை.

நோட்டை ஒழுங்காகத்தான் எழுதினேன். பெயர், வயது, தொந்தரவு, மாத்திரை. நீர்க்கடுப்பு என்று பெண்கள் நிறைய வந்தார்கள். மாத்திரை கொடுத்து, “நிறைய தண்ணி குடிங்கம்மா” என்று அனுப்பினேன். ஒரு அம்மா, “குடிச்சா போகணுமே தாயி” என்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். இரண்டு நாளில் அதே பெண்கள் திரும்பி வந்தார்கள். மருந்து கேட்கவில்லை போலிருக்கிறது என்று மாத்திரையை மாற்றிக் கொடுத்தேன்.

பல வருஷம் கழித்து, பேரிடர் காலப் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு சேர்ந்தேன். நாகப்பட்டினத்தையே பார்த்தவளுக்கு இவர்கள் என்ன புதிதாகச் சொல்லித் தரப்போகிறார்கள் என்ற மிதப்பு இருந்தது. முதல் வாரம் ஆசிரியை எங்கள் அனுபவங்களைக் கேட்டார். ஒரே நாளில் இருபது வயிற்றுப்போக்கு பார்த்தேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“எத்தனை பேரில்?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்திருந்தால் அது கொள்ளைநோயின் வாசல்படி. பக்கத்துத் தெருக்களையும் சேர்த்து மூவாயிரம் பேர் என்றால் கதை வேறு. பின்னத்தில் மேலே தொகுதி, கீழே பகுதி என்று ஐந்தாம் வகுப்பில் படித்ததுதான். நான் நோட்டு முழுக்கத் தொகுதியை மட்டும் எழுதி வைத்திருந்தேன்.

அப்புறம் ஸ்பியர் கையேட்டின் எண்கள் வந்தன. 1994 ருவாண்டா அகதிகள், இன்றைய காங்கோவின் கோமா நகரில், காலராவிலும் சீதபேதியிலும் கொத்துக்கொத்தாகச் செத்த பிறகு, நிவாரண அமைப்புகள் கூடி வகுத்துக்கொண்ட குறைந்தபட்ச அளவுகள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கூரைக்குக் கீழ், அதாவது கிட்டத்தட்ட இரண்டு பாய் விரிக்கும் இடம். படிப்பில் பாதி எக்ஸெல், கால்வாசி நிதி கொடுப்பவருக்கு அறிக்கை எழுதும் வித்தை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் டாக்டர் திலீப் மஹலானபிஸ் பற்றிய வகுப்புக்காகவே கட்டிய பணம் தகும். 1971, வங்கதேசப் போர், எல்லையில் பன்கான் முகாம். காலரா. நரம்பில் ஏற்ற சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து டிரம்களில் வைத்தார். நோயாளியின் அம்மாவோ அண்ணனோ கோப்பையில் பிடித்துப் புகட்டினார்கள். முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. சலைன் பாட்டிலுக்குப் பதிலாகக் கோப்பை, டாக்டருக்குப் பதிலாகத் தாய். அன்று வகுப்பு முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரம்தான் ஒரு இரவு விடுதியில் கழிப்பறை அத்தியாயத்தைப் புரட்டினேன். எண்ணிக்கை மட்டும் போதாது, உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும், இரவில் வெளிச்சம் வேண்டும் என்று இருந்தது. மண்டபத்தின் பின்பக்கம் ஞாபகம் வந்தது. ஒரு நாள் கல்யாணத்துக்குக் கட்டிய இரண்டு கழிப்பறை. ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இன்னொன்றில் பல்பு கிடையாது. ‘குடிச்சா போகணுமே.’

இதில் வெட்கம் என்னவென்றால், நானும் அங்கே தண்ணீர் குடிக்கவில்லை. காலையில் அரை டம்ளர், அப்புறம் இருட்டி லாட்ஜுக்குத் திரும்பும்வரை ஒன்றுமில்லை. என் உடம்புக்குத் தெரிந்தது என் நோட்டுக்கு வரவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கடலூர் பக்கம் ஒரு பள்ளிக்கூட முகாமுக்குப் போனேன். முதல் வேலையாக ஒரு சாக்பீஸ் வாங்கிக்கொண்டு அறை அறையாகத் தலை எண்ணி, கதவில் எழுதினேன்: மொத்தம், ஐந்து வயதுக்குக் கீழ், கர்ப்பிணி. பிறகு கழிப்பறைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து கடைத்தெருவுக்குப் போனேன். திறந்திருந்த ஒரே ஹார்டுவேர் கடையில் ஆறு தாழ்ப்பாள், ஒரு பொட்டலம் ஸ்க்ரூ, நாலு பல்பு.

பில்லை நீட்டியபோது கணக்கு பார்ப்பவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “டாக்டரம்மா, இதை எந்தத் தலைப்புல எழுதறது?”

“மருந்துன்னு எழுதுங்க சார்.”

சிரித்தார். எழுதவில்லை. அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை.