தடைதாண்டல் பரீட்சைக்கு ஏஐ: படிப்பிக்க அல்ல, கேள்வி கேட்க

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சைக்கு (சேவையில் முன்னேற அரச உத்தியோகத்தர்கள் சித்தியடைய வேண்டிய பரீட்சை) படிக்கும் உத்தியோகத்தர்களுக்கு வகுப்புத் தேடிப் போக நேரம் கிடைப்பது அரிது. கைபேசியில் உள்ள ஏஐ அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கும். ஆனால் அதை ஆசிரியராக வைக்காதீர்கள். கேள்வி கேட்பவராக வையுங்கள்.

தாபனக் கோவை (அரச சேவை விதிகள்), நிதிப் பிரமாணம் (அரச நிதி விதிகள்) பற்றித் தமிழில் வெறுமனே கேட்டால் பல வேளைகளில் இந்திய நடைமுறைதான் பதிலாக வரும். அரசாங்க அதிபர் ‘மாவட்ட ஆட்சியர்’ ஆவார், கணக்காய்வு ‘தணிக்கை’ ஆகும். சொற்களை நாங்களே திருத்திக்கொள்ளலாம். நிதியாண்டை ஏப்ரலில் தொடக்கிவிட்டால் விடையே பிழை. எங்கள் அரச நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசெம்பர் 31 வரை. இல்லாத பிரமாண இலக்கங்களையும் தயங்காமல் தரும்.

ஆகவே மூலப் பந்தியை நீங்களே கொடுங்கள், ஒரு தடவைக்கு ஒரு பிரமாணம். பழைய பிடிஎஃப்பிலிருந்து பிரதி எடுத்து ஒட்டும்போது தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் சிதறி வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. முதலில் யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். பிறகு இலக்கங்களையும் அடைப்புக்குறிகளையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். பிழைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்து இப்படிக் கேளுங்கள்: “இந்தப் பந்தியை மட்டும் வைத்து ஒரு சம்பவக் கேள்வி தா. விடையை இப்போது சொல்லாதே. பந்தியில் இல்லாததைச் சேர்க்காதே.” சம்பவம் உங்கள் இடத்ததாக இருந்தால் மனதில் நிற்கும். முத்தையன்கட்டுக்குக் களப்பணிக்குப் போன இடத்தில் அலுவலக மோட்டார் சைக்கிள் களவு போகிறது என்று வையுங்கள்: இழப்பு விசாரணை பற்றிய நிதிப் பிரமாணம் (நி.பி.) 104 முழுதும் அதற்குள் வந்துவிடும். 104(4) கேட்கும் முழு அறிக்கைக்கான 3 மாதக் காலத்தைப் பலரும் எழுத மறப்பார்கள்.

விடையைத் தாளில், நேரம் வைத்து, கையால் எழுதுங்கள். முடிந்ததும் குறிப்புகளை மட்டும் தட்டச்சிடுங்கள். தமிழ்க் கையெழுத்தைப் படமெடுத்துக் கொடுத்தால் தவறாக வாசிக்கக்கூடும். “எத்தனை புள்ளி?” என்று கேட்பதில் பயனில்லை, தாராளமாக அள்ளித் தரும். “எவை விடுபட்டன? ஒவ்வொன்றுக்கும் பந்தியின் வரியைக் காட்டு, ஒன்றுமில்லையென்றால் அப்படியே சொல்” என்று கேளுங்கள். அந்தக் கடைசிப் பகுதி முக்கியம். அது இல்லாவிட்டால் குறையொன்றைத் தானே உருவாக்கிச் சொல்லும்.

தாபனக் கோவையில் இன்னொரு சிக்கல் உண்டு. லீவு பற்றிய 12ஆம் அத்தியாயம் போன்றவை சுற்றறிக்கைகளால் திருத்தப்படுகின்றன. கோவையை மட்டும் கொடுத்தால் பழைய விதியையே மனனம் செய்வீர்கள். நிர்வாகக் கிளையின் சுற்றறிக்கைக் கோவையைப் பார்த்து, திருத்தத்தையும் சேர்த்து ஒட்டுங்கள்.

பயிற்சிக்கென்று காணிக் கிளையின் உண்மையான கடிதங்களை ஏற்றவே வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதற்கும் மேலாக, அவை எங்களை நம்பிச் சனம் தந்த விவரங்கள். கடிதம் வரையும் பயிற்சிக்குப் பெயருக்கு ‘அ’ என்று எழுதி, அடையாள அட்டை, அனுமதிப்பத்திர இலக்கங்களை வெறுமையாக விடுங்கள்.