ஊதாத் துணி

ஜூன் 6, சனி
எங்கள் பால்புதுமையினர் (LGBTQ+) பேரணிக்கு இன்னும் 22 நாள். வானவில் கொடி தைக்கும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. குழுவில் தையல் மிஷின் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். ஆறு நிறம், ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டர் சாட்டின். ஐந்து நிறம் கிடைத்தது, ஊதா மட்டும் இல்லை. கடைக்காரர் மெரூனை விரித்துக் காட்டி, "கொஞ்சம் சிவப்பு கலந்த ஊதான்னு வெச்சுக்குங்க" என்றார்.

ஜூன் 9, செவ்வாய்
அக்காவிடம் புலம்பினேன். சிரித்தார். "இந்தக் கொடிக்குத் துணி தட்டுப்பாடு ஒண்ணும் புதுசில்லடா."

1978-ல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கரும் நண்பர்களும் கையாலேயே சாயம் தோய்த்துத் தைத்த முதல் கொடியில் எட்டு நிறங்களாம். அப்புறம் நிறையக் கொடிகள் தேவைப்பட்டபோது அடர் இளஞ்சிவப்புத் துணி கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள். 1979-ல் பேரணி அலங்காரத்துக்கு இரட்டைப்படையாக வேண்டியிருந்தது என்று இன்னொரு நிறமும் போனது. ஆறு என்பதற்குப் பின்னால் ஏதோ பெரிய தத்துவம் இருக்கிறது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"இளஞ்சிவப்பு எதுக்கு வெச்சாங்க தெரியுமா? பாலுறவுக்கு. போயும் போயும் அதுதான் முதல்ல போச்சு" என்றார் அக்கா.

ஜூன் 13, சனி
ஊதா கிடைத்தது. இனி அகப்படாது என்ற பயத்தில் எட்டு மீட்டர் வாங்கிவிட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு
வாரக் கூட்டத்துக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்திருந்தது. கதவோரமாக உட்கார்ந்து, பையை மடியை விட்டு இறக்கவே இல்லை. பெயர் சொல்லும் சுற்று வந்தபோது, "பேரு இன்னும் முடிவு பண்ணல" என்றது. யாரும் சிரிக்கவில்லை. திருநம்பி (பிறப்பில் பெண் எனப்பட்டு ஆணாக வாழ்பவர்) ஒருவர் மட்டும், "எனக்கு ஆறு மாசம் ஆச்சு, நிதானமா யோசிங்க" என்றார்.

கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து கேட்ட ஒரே கேள்வி: "அண்ணா, பேரணில போட்டோ எடுப்பாங்களா?"

எடுக்காமல் எப்படி இருப்பார்கள்? வீட்டில் சொல்லாதவர்கள், வேலைக்குப் பயப்படுபவர்கள் என்று எங்களில் பாதிப்பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். மிச்சமிருந்த மூன்று மீட்டர் ஊதா ஞாபகம் வந்தது. கையில் ஊதாப் பட்டை கட்டியவரைப் படம் எடுக்கக் கூடாது என்று அறிவித்துவிடலாம் என்றேன். எல்லோரும் சரி என்றார்கள்.

ஜூன் 17, புதன்
பணம் தரும் நிறுவனம் ஒன்று, தங்கள் பலகைதான் முன்னால் போக வேண்டும் என்கிறது. இரண்டு மணி நேரம் சண்டை. 1969 ஜூன் 28 அதிகாலை நியூயார்க்கில் தன்பாலினர் கூடும் ஸ்டோன்வால் மதுக்கூடத்துக்குள் போலீஸ் புகுந்தபோது எதிர்த்து நின்றவர்கள், மறு வருஷம் அதே நாளில் அதன் நினைவாகப் பேரணி நடந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் எந்த விளம்பரதாரர் இருந்தார் என்று அக்கா கேட்டார். பலகை பின்னால் வரும் என்று முடிவானது. அந்த நிறுவனம் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஜூன் 20, சனி
சாட்டினைத் தைப்பதும் மீனைப் பிடிப்பதும் ஒன்று. இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு குண்டூசி குத்தினாலும் வழுக்குகிறது. நீலமும் ஊதாவும் சேரும் இடத்தில் தையல் பாம்பு மாதிரி நெளிந்துவிட்டது. பிரித்தால் ஊசித் துளை தெரியும். விட்டுவிட்டேன்.

ஜூன் 28, ஞாயிறு
கால் வலிக்கிறது, தொண்டை கட்டிவிட்டது. 40 பட்டையும் தீர்ந்து, கடைசியில் வந்தவர்களுக்கு மிச்சத் துணியைக் கிழித்துக் கட்டினேன். படம் எடுக்க வந்தவர்களில் ஒருவர் மட்டும் தகராறு செய்தார், அக்கா பார்த்துக்கொண்டார்.

அந்தப் பிள்ளை முகக்கவசமும் பட்டையுமாக வந்து கொடியின் ஊதா முனையைப் பிடித்தது. கடைசிவரை விடவில்லை.

ஜூன் 30, செவ்வாய்
இரவு பதினொன்றுக்கு அந்தப் பிள்ளையிடமிருந்து செய்தி. "அண்ணா, என் கை மட்டும் தெரியற மாதிரி போட்டோ ஏதாவது இருக்கா?"

முந்நூறு சொச்சம் படங்களில் தேடினேன். ஒன்று இருந்தது. கொடியின் ஓரம், அதை இறுக்கிப் பிடித்த நான்கு விரல்கள், பாதி உரிந்த நகப்பூச்சு. பக்கத்திலேயே என் கோணல் தையல் பளிச்சென்று தெரிகிறது. அதை வெட்டாமலே அனுப்பினேன்.