தண்ணி கேன்
2021 ஆகஸ்ட் 29, காபூல். ஒரு வெள்ளை கொரோலா காரை அமெரிக்க ராணுவத்துக்காரங்க மணிக்கணக்கா ட்ரோன்ல ஃபாலோ பண்ணிருக்காங்க, ஓட்டுனவர் தொண்டு நிறுவன ஊழியர், ஏத்துனது தண்ணி கேன், மேலேர்ந்து பாத்தவங்களுக்கு அது வெடிகுண்டா தெரிஞ்சிருக்கு, வீட்டுக்குள்ள கார் நுழைஞ்சதும் ஹெல்ஃபயர் ஏவுகணை. 10 பேர் செத்தாங்க, அதுல 7 குழந்தைங்க.

மொதல்ல நியாயமான தாக்குதல்னாரு அமெரிக்க தளபதி. பத்திரிகைக்காரங்க தோண்டுனப்புறம் செப்டம்பர் 17ல தப்புதான்னு ஒத்துக்கிட்டாங்க. தண்டனை? ஒருத்தருக்கும் கெடையாது, போர்ச்சட்டம் மீறலையாம், அவங்களே விசாரிச்சு அவங்களே சொன்னது.

சந்தேகம் இருந்தா பொதுமக்கள்னுதான் எடுத்துக்கணும்னு போர்ல பொதுமக்களைக் காப்பாத்துறதுக்கான சர்வதேச ஒப்பந்தமான 1977 ஜெனீவா கூடுதல் நெறிமுறைல தெளிவா இருக்கு. அமெரிக்கா அதுல கையெழுத்து போட்டுட்டு இன்னிவரைக்கும் அதுக்கு கட்டுப்படுறதா முறைப்படி உறுதிப்படுத்தல. அத்தனை மணி நேரம் பாத்தும் அந்த சந்தேகம் ஒருத்தருக்கும் வரலையா?