கை வைத்த நாற்காலி கிடைக்குமா, சிஸ்டர்?

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நிமோனியா என்று திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காய்ச்சல் இறங்கி, ஆக்சிஜனையும் எடுத்துவிட்டு, "இனிமே பயமில்ல" என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் அடுத்த பிரச்சினை தெரிந்தது. அம்மாவால் கட்டிலை விட்டுத் தானாக எழுந்திரிக்க முடியவில்லை. காய்ச்சலில் விழும்வரை தினமும் வாசல் தெளித்துக் கோலம் போட்டவள். பக்கவாதமோ என்று பதறிப்போய்க் கேட்டோம். அதெல்லாம் இல்லை, படுத்தே கிடந்ததில் கால் சதை வற்றிவிட்டது என்றார்.

அது எவ்வளவு சீக்கிரம் வற்றும் என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 2007இல் அமெரிக்காவில், நோய் எதுவும் இல்லாத வயதானவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ கொழுப்பில்லாத சதை போயிருந்தது. அவர்கள் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு படுத்திருந்தவர்கள். அம்மாவோ காய்ச்சலோடு அரை இட்லியும் கஞ்சியுமாகக் கிடந்தாள்.

டாக்டர் எழுதிக் கொடுத்ததும் பிசியோதெரபி பெண் ஒருத்தி வந்தாள். சின்ன வயசு. வந்ததும் கேட்டது, "கை வைச்ச நாற்காலி இருக்காக்கா?" இல்லை. அந்த அறையில் துணைக்கு இருப்பவர் படுக்க ஒரு பெஞ்ச், டாக்டர் உட்கார ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். கட்டிலுக்குப் பட்டன் வைத்து ஏற்றி இறக்குகிறார்கள், சுவரில் டிவி மாட்டியிருக்கிறார்கள், நோயாளி உட்கார ஒரு நாற்காலி போடத் தோன்றவில்லை. வீல் சேர் கொண்டுவரட்டுமா என்றார் சிஸ்டர். பிசியோ வேண்டாம் என்றுவிட்டாள். அதன் இருக்கை தொய்ந்திருக்கும், எழும்போது கால் வைக்கும் தட்டு இடறும். கடைசியில் கீழே வாட்ச்மேன் அண்ணன் தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொடுத்தார். நாங்கள் டிஸ்சார்ஜ் ஆகும்வரை பாவம் அவர் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார்.

அந்த நாற்காலியையும் அப்படியே போட்டுவிடவில்லை. டைல்ஸ் தரையில் வழுக்கும் என்று முதுகு சுவரில் முட்டுகிற மாதிரி போட்டாள். உட்காருமிடம் தாழ்வாக இருந்தால் எழுவது கஷ்டம் என்று ஜமுக்காளத்தை மடித்து வைத்து உயர்த்தினாள். பாதம் முழுக்கத் தரையில் படவேண்டும், இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் மேலே இருக்கவேண்டும், அதுதான் கணக்கு. சாக்ஸைக் கழற்றச் சொல்லி, பின்னால் வார் வைத்த செருப்பை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னாள்.

முதல் நாள் பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. படுத்திருக்கும்போது பிரஷர் பார்த்தாள். காலைத் தொங்கப் போட்டுக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை. நின்றதும் மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டாம். அம்மாவுக்கு இறங்கியது, ஆனால் அவ்வளவு இல்லை. நாற்காலிக்கு மாற்றிச் சும்மா உட்காரவைத்தோம். அதற்கே மூச்சு வாங்கியது.

"ஏட்டி, சாவப்போற கெழவிய எதுக்கு இப்படிப் பாடாப் படுத்துதிய?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். பிசியோவிடம் மட்டும் சிரித்த முகம்.

மறுநாளிலிருந்து மெதுவாக ஆரம்பித்தோம். குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்குவது, விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது. ஒரு காலை நேராக நீட்டி, கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக இறக்குவது. உட்கார்ந்தபடியே நடக்கிற மாதிரி முட்டியை மாற்றி மாற்றித் தூக்குவது. சுருட்டிய துண்டை இரண்டு முட்டிக்கும் நடுவில் வைத்து நெருக்குவது. கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். வலது கையில் ஊசி மருந்து ஏற்ற வென்ஃப்ளான் குழாய் போட்டிருந்ததால் அந்தக் கைக்குப் பாட்டில் கிடையாது. எல்லாவற்றையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்யவேண்டும். எண்ணினால் மூச்சைப் பிடிக்க மாட்டார்கள். எண்ண முடியாத அளவுக்கு இரைத்தால் நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அம்மா எண்ணவில்லை, முருகா முருகா என்றாள். அதுவும் சரிதான் என்றாள் அந்தப் பெண்.

நெஞ்சு வலித்தாலோ, கண் இருட்டினாலோ, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் குறைந்தாலோ உடனே நிறுத்திவிட்டு சிஸ்டரைக் கூப்பிடச் சொல்லியிருந்தாள். அம்மாவுக்கு சர்க்கரை உண்டு. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் எதுவும் செய்யக் கூடாது. காலை டிபன் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை என்று வைத்துக்கொண்டோம்.

ஆனால் முக்கியமான பயிற்சி நாற்காலியை விட்டு எழுவதுதான். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் இருக்கையின் முன் நுனிக்கு நகர வேண்டும். பாதங்களை முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் நாற்காலிக் கையை அழுத்தி எழவேண்டும். நாம் எல்லோரும் செய்வது என்ன? முன்னால் நின்று கையைப் பிடித்து இழுப்போம், இல்லையென்றால் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவோம். இரண்டுமே கூடாதாம், தோள்பட்டை போய்விடும். அவள் அம்மாவின் இடுப்பில் ஒரு அகலமான பெல்ட்டைக் கட்டி, பக்கத்தில் நின்று அதை மட்டும் பிடித்துக்கொண்டாள். எழுப்பவில்லை, விழாமல் பார்த்துக்கொண்டாள். அம்மா பாதி எழுந்து தொப்பென்று உட்கார்ந்துவிடுவாள். எழுவதைவிட மெதுவாக உட்காரப் பழகத்தான் நாளாகியது.

இதையெல்லாம்விடப் பெரிய பாடு பார்க்க வந்த சொந்தக்காரர்கள். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார்கள், அம்மா நாற்காலியில் இருப்பதைப் பார்த்ததும் என்னை முறைப்பார்கள். "முடியாத மனுசிய உக்கார வச்சிருக்கியே, படுக்கட்டும்மா" என்று சித்தி கட்டிலைத் தட்டிச் சரிசெய்யவே போய்விட்டாள். ஆட்கள் வந்தால் அம்மாவுக்கும் நோவு கூடிவிடும். நான் வழி ஒன்று கண்டுபிடித்தேன். வருகிறவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவது. "சித்தி, பத்து தடவை நீ எண்ணு, அம்மா காலை நீட்டட்டும்." சித்தி எண்ண ஆரம்பித்தால் அம்மா ரோஷத்துக்காவது நீட்டினாள். அதே சித்தி அடுத்த முறை வரும்போது ஹார்லிக்ஸுக்குப் பதில் அவித்த முட்டை கொண்டுவந்தாள். சதை ஊற அதுதான் வேண்டும் என்று டயட்டீஷியனும் சொல்லியிருந்தார்.

பகலில் ஜன்னல் பக்கம் உட்கார ஆரம்பித்த பிறகு இன்னொன்றையும் கவனித்தேன். ராத்திரியில் இது எந்த ஊர், அப்பா எங்கே என்று குழம்பிக் கேட்டுக்கொண்டிருந்தவள் ஓரளவு நன்றாகத் தூங்கினாள். நிமிர்ந்து உட்கார்ந்தால் நுரையீரலின் அடிப்பகுதி விரியும், சளியும் இருமினால் வெளியே வரும் என்று டாக்டரும் சந்தோஷப்பட்டார்.

ஸ்பெயினில் பம்ப்லோனா நகரத்து ஆஸ்பத்திரியில் உள்நோயாளிகளாக இருந்த, 75 வயதும் அதற்கு மேலும் ஆன 370 பேரை வைத்து இந்த மாதிரிப் பயிற்சியை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டிருக்கிறார்கள். தினம் இரண்டு வேளை, வேளைக்கு இருபது நிமிடம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்கள் வீடு திரும்பும்போது அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் குறைந்து போனார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு அது குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. அங்கே சதைக்குப் பயிற்சி தரும் மெஷின்களும் இருந்தன. இங்கே வாட்ச்மேன் நாற்காலிதான். ஆனாலும் நாற்காலியை விட்டு எழுவது அவர்கள் பட்டியலிலும் இருக்கிறது.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு மருந்துச் சீட்டை விளக்கியது போக, பிசியோவிடம் தனியாகக் கேட்டு வாங்கியவை இரண்டு. எந்தப் பயிற்சியை எத்தனை முறை என்று தாளில் எழுதித் தந்தாள். வீட்டில் எதை மாற்றவேண்டும் என்பதையும் சொன்னாள். கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினோம், கழிவறைச் சுவரில் பிடிமானக் கம்பி வைத்தோம். அம்மாவுக்கு இருந்த ஒரே லட்சியம் யாரையும் கூப்பிடாமல் கக்கூஸ் போய் வருவது. மற்றதெல்லாம் அதற்காகத்தான்.

எங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் சொல்லிவைத்தோம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். கட்டணம் இல்லை. தெரியாமல் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வந்தவர் கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பார்த்தார். 12 நொடிக்குள் முடித்தால் நல்லது என்றார். அம்மா அதற்கு மேல் எடுத்துக்கொண்டாள், ஆனால் கை ஊன்றாமல் முடித்தாள். இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும் என்று அவர் சொன்னதற்கு, "எந்த பஸ்ஸ பிடிக்கப் போறேன், நான்?" என்றாள். தண்ணீர் பாட்டிலை இப்போது தொடுவதில்லை. காலை நீட்டுவதும் எழுந்து உட்காருவதும் மட்டும் டிவியில் சீரியல் விளம்பரம் வரும்போது நடக்கிறது.