பிளாக் ஹில்ஸும் தனிவட்டியும்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், லக்கோட்டா என்ற பூர்வகுடி மக்கள் தாங்களே நடத்தும் ஒரு கல்வி நிறுவனத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். இந்த வேலையில் கூடப் பணிபுரிபவர்கள் அலுத்துக்கொள்ளும் ஒரு பகுதி எனக்குப் பிடிக்கும்: வருடக் கடைசியில் பொதுக்கல்விப் பாடங்களின் கற்றல் விளைவுகளை மதிப்பிடுவது. நர்சிங் படித்தாலும் ஆசிரியர் பயிற்சி படித்தாலும் எல்லோரும் எழுத்து, பேச்சு, கணக்கு, அறிவியல், லக்கோட்டா மொழி, வரலாறு என்று சில பாடங்களைப் படித்தே ஆக வேண்டும். படித்தவர்களுக்கு உண்மையில் என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. தேர்வு மதிப்பெண்ணை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. ஒருவர் பாஸானாரா என்றுதான் அதில் தெரியும். பாடத்திட்டம் பாஸானதா என்று தெரியாது.

இந்த மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்பது ஹையர் லேர்னிங் கமிஷன். சிகாகோவில் இருக்கும் அங்கீகார அமைப்பு, நம்மூர் நாக் மாதிரி. வெளியாட்கள் சுமத்தும் காகித வேலை என்று எரிச்சல்படுபவர்கள் எங்களிடமும் உண்டு. அதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும். 1968இல் நவஹோ என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள் தங்களுக்கென்று ஒரு கல்லூரியைத் தொடங்கும் வரை, ரிசர்வேஷன் (பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலப்பகுதி) பிள்ளைகள் பட்டம் வாங்க வேண்டுமென்றால் ஊரைவிட்டுப் போக வேண்டும். அப்புறம் இங்கே ரோஸ்பட் ரிசர்வேஷனில் சின்டே கிளெஸ்கா, பைன் ரிட்ஜ் ரிசர்வேஷனில் ஒக்லாலா லக்கோட்டா என்று கல்லூரிகள் வரிசையாக வந்தன. 1978இல் இப்படிப்பட்ட கல்லூரிகளுக்குக் கூட்டரசு நிதி தர ஒரு சட்டம் வந்தது. அந்த இரண்டு கல்லூரிகளுக்கும் 1983இல் அங்கீகாரம் கிடைத்தது. அது இல்லாவிட்டால் இங்கே வாங்கும் பட்டத்தை வெளியே யாரும் மதிக்க மாட்டார்கள், உதவித்தொகையும் வராது. ஆகவே அறிக்கை எழுதுகிறோம்.

எண்களில்தான் முதல் தொல்லை. வகுப்பில் ஆறேழு பேர் இருப்பார்கள். ஒருவருக்கு நெருங்கிய உறவில் சாவு. இங்கே துக்கம் என்றால் குடும்பமே சில நாள் கூடியிருக்கும், வகுப்புக்கு வர முடியாது. அந்த ஒரு தாள் வராவிட்டால் சதவீதம் பதினைந்து புள்ளி போல ஆடிவிடும். அதைக் கோட்டுப்படமாகப் போட்டு 'முன்னேற்றம்' என்று தலைப்பு வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கணக்கு வாத்தியாரே இப்படிச் சொல்லலாமா என்றால், அவர்தான் சொல்ல வேண்டும்.

தாள்களைச் சேர்ந்து உட்கார்ந்து படிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. வேல்யூ ரூப்ரிக் என்று அமெரிக்கக் கல்லூரிச் சங்கம் ஒன்று 2009இல் வெளியிட்ட அளவுகோல்கள் உண்டு. ஒவ்வொரு திறனையும் சில வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை போடலாம். கணக்குத் திறனுக்கான ரூப்ரிக்கில் கணக்கீடு ஒரு வரிசை, அனுமானங்கள் இன்னொரு வரிசை. அந்த இரண்டாவது வரிசையில்தான் எங்கள் குழு ஒரு மதியம் முழுக்க நின்றுவிட்டது.

நான் கொடுத்திருந்த கணக்கு இது. பிளாக் ஹில்ஸ் மலைகளை 1868 லாராமி கோட்டை ஒப்பந்தத்தில் லக்கோட்டாக்களுக்கே என்று அமெரிக்க அரசாங்கத்தார் எழுதிக்கொடுத்தார்கள். தங்கம் கிடைத்ததும் 1877இல் ஒரு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டார்கள். 1980இல் உச்ச நீதிமன்றம், எடுத்துக்கொண்டதற்கு நியாயமான ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நிலத்தின் மதிப்பு 1 கோடியே 71 லட்சம் டாலர், 1877 முதல் வருடத்துக்கு 5 சதவீதம் தனிவட்டி. 1980 வரை மொத்தம் எவ்வளவு? கூட்டுவட்டியாக இருந்தால் எவ்வளவு? எது நியாயம், ஏன்?

தனிவட்டியில் சுமார் 10.5 கோடி டாலர் வரும். கூட்டுவட்டியில் 260 கோடி. முதல் தடவை இந்த வித்தியாசத்தைப் பார்க்கும்போது வகுப்பில் யாராவது உரக்கச் சிரித்துவிடுவார்கள். வேடிக்கைக்கான சிரிப்பில்லை அது. பணத்தை லக்கோட்டாக்கள் இன்றுவரை வாங்கவில்லை. அரசாங்கக் கணக்கில் கிடந்து நூறு கோடியைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. ரிசர்வேஷனில் வறுமை எப்படி என்று பார்த்தவர்களுக்கு, வாங்காமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

ஒரு மாணவி, இரண்டு பிள்ளைகளின் அம்மா, இரண்டு தொகையையும் சரியாகப் போட்டிருந்தார். கடைசிக் கேள்விக்கு மட்டும், நிலம் விற்கப்படவே இல்லை, விற்காத பொருளுக்கு அசல் எது வட்டி எது என்று எழுதிவிட்டு நிறுத்திவிட்டார்.

அனுமானங்கள் வரிசையில் ஆங்கில ஆசிரியை 1 போட்டார், லக்கோட்டா பாடம் நடத்தும் பெரியவர் 4 போட்டார். கணக்கின் அடியிலிருந்த அனுமானத்தையே அந்தப் பெண் பிடுங்கிவிட்டார், இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது பெரியவரின் கட்சி. பிடுங்கினார் சரி, ஆனால் இந்த ஊர்க்காரர் அல்லாத ஒருவர் இதைப் படித்தால் என்ன புரியும், அவரைப் புரியவைக்கத்தானே எழுத்துப் பாடம் என்று ஆங்கில ஆசிரியை கேட்டார். இரண்டும் சரிதான். கடைசியில் 3 போட்டோம். அந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாக்குவாதத்துக்குப் பிறகு மற்ற தாள்களைத் திரும்ப எடுத்தபோதுதான் வேறொன்று தெரிந்தது: நன்றாகக் கணக்குப் போட்ட பலர் அனுமானத்தின் பக்கமே போகவில்லை. 5 சதவீதம் எங்கிருந்து வந்தது, 1877க்கான அந்த மதிப்பை யார் போட்டது என்று கேட்கவில்லை. அறிக்கையில் அதை எழுதினோம். இப்போது கணக்குப் பாடத்தில் ஒவ்வொரு பெரிய பயிற்சிக்கும், இதில் எதையெல்லாம் கேட்காமலே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வி முதலில் வருகிறது.

இன்னொரு யோசனையும் வந்தது. துணிவு, பொறுமை, தாராளம், ஞானம் என்ற நான்கு லக்கோட்டா நற்பண்புகளுக்கும் ரூப்ரிக் போடலாமே என்று இளம் ஆசிரியர் ஒருவர் கேட்டார். அந்தப் பெரியவர் ஒப்பவில்லை. ஒருவர் தாராளமானவரா என்று சொல்ல அவருடைய சொந்தபந்தம் இருக்கிறது, இந்தக் கமிட்டி வேண்டாம் என்றார். யோசனை அங்கேயே நின்றது. அளக்கக் கூடாததை அளக்காமல் விடுவதும் மதிப்பீட்டில் சேர்த்தி என்பது என் கட்சி, ஆனால் அதற்கு அறிக்கையில் கட்டம் கிடையாது.

அடுத்த முறை பேச்சுத் திறன். அதற்கான ரூப்ரிக்கின் ஒரு வரிசையில், பேசுகிறவர் கேட்பவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசுவதும் சேர்த்தி. மூத்தவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்திப் பேசுவது இங்கே மரியாதை. அதை எடுத்துவிடலாம் என்கிறேன் நான். ரேபிட் சிட்டியில் வேலைக்கு நேர்காணல் நடத்துகிறவர் அதைத்தானே பார்ப்பார் என்கிறார் வணிகவியல் ஆசிரியர். இன்னும் முடிவாகவில்லை.